பத்து டாங்கிகளுக்கு வெள்ளையடித்த கதை

நேற்று இரவு பதினொன்றரை மணிக்குப் பத்தாவது மாதிரி டாங்கியின் கடைசி வார்னிஷ் காய்ந்தது. பத்தையும் மேசையில் வரிசையாக நிறுத்தி, விளக்கைச் சாய்த்து வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் நீளம்தான். பச்சைக் கவசத்தின் மேல் அழுக்கேறிய வெள்ளை, ஏறி இறங்கும் இடங்களில் அந்த வெள்ளை தேய்ந்து உள்ளிருந்து எட்டிப் பார்க்கும் பச்சை. நான்கு மாதங்களாக நான் தேடியது இதைத்தான். இடையில் மூன்று முறை வெள்ளை என்னைக் கைவிட்டது. ஒவ்வொரு முறையும் எங்கே தவறினேன் என்பது நினைவில் இருக்கும்போதே எழுதிவைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நானும் ஒரு நண்பரும் மேசைப் போர் விளையாட்டு ஆடுகிறவர்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் அழைப்பேன். 1942 நவம்பரில் ஸ்டாலின்கிராடைச் சுற்றி நடந்த சோவியத் எதிர்த்தாக்குதலை ஆடிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். நவம்பர் 19ஆம் தேதி பனிமூட்டத்தில், 80 நிமிட பீரங்கித் தாக்குதலுக்குப் பிறகு தொடங்கி, 23ஆம் தேதி இரு முனைகளும் சோவெட்ஸ்கி அருகே சந்தித்து ஜெர்மானிய ஆறாவது படையை வளைத்துக்கொண்ட நடவடிக்கை. அண்ணனிடம் ருமேனியப் படையும் ஜெர்மன் படையும் முன்பே தயார். என் பங்கு ஒரு கம்பெனி, அதாவது ஒரு படைப்பிரிவு, சோவியத் டி-34 டாங்கிகள். மூன்று டாங்கி கொண்ட பிளாட்டூன்கள் மூன்று, கம்பெனித் தலைவருக்கு ஒன்று, ஆக மொத்தம் பத்து.

அளவு 1/100. உண்மையான டி-34 மூன்று மீட்டர் அகலம் என்பதால் மாதிரி 30 மி.மீ. அகலம் வர வேண்டும். இந்த அளவில் கணக்குப் போடுவது சுலபம் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். ஒரு மில்லிமீட்டர் என்றால் பத்து சென்டிமீட்டர். இந்த எளிய கணக்கு பின்னால் என்னைக் காப்பாற்றியது.

புதிய பெட்டிகள் வாங்கவில்லை. ஒருவர் ஏற்கெனவே ஆடி அலுத்து விற்ற பதினொரு டாங்கிகள் மொத்தமாகக் கிடைத்தன, புதியவற்றின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு. ஏழு பிளாஸ்டிக், மூன்று ரெசின் (வார்ப்புப் பிசின்), ஒன்று முழு உலோகம். நான்கின் பீரங்கிக் குழல் ஒடிந்திருந்தது. எல்லாவற்றின் மேலும் தடித்த பச்சைப் பெயின்ட், அதன் மேல் இன்னொரு பச்சை. காலிபரால் அகலத்தை அளந்தேன்: பிளாஸ்டிக் 30.1, ரெசின் 29.4, உலோகம் 31.2 மி.மீ. முதலில் இந்த வேறுபாடு உறுத்தியது. பிறகு பார்த்தால் சக்கரங்களும் பீரங்கியைத் தாங்கும் கோபுரங்களும்கூட ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் ரப்பர் விளிம்புச் சக்கரம், சிலவற்றில் ரப்பர் தட்டுப்பாட்டுக் காலத்து இரும்புச் சக்கரம். சிலவற்றில் ஒரே பெரிய மூடி கொண்ட பழைய கோபுரம், சிலவற்றில் இரண்டு வட்ட மூடிகள் கொண்ட அறுகோணக் கோபுரம். அந்த அறுகோணத்தை ரஷ்யர்கள் ‘நட்டு’ என்று அழைத்தார்கள். 1942இல் நிஷ்னி தாகில், செல்யாபின்ஸ்க், கார்க்கி என்று பல ஊர்களில் டி-34 தயாரானதால் ஒரே பிரிவில் இப்படிக் கலந்து நிற்பது இயல்புதான். எனவே கலவையை அப்படியே வைத்துக்கொண்டேன். சற்று அகலமான உலோக டாங்கியைக் கம்பெனித் தலைவருக்கு ஒதுக்கினேன். பிளாஸ்டிக்கில் மிக மோசமான ஒன்றைச் சோதனைக்கென்று தனியே எடுத்துவைத்தேன். முழு வேலையிலும் நான் எடுத்த மிக நல்ல முடிவு அதுதான்.

முதல் வேலை பழைய பெயின்டைக் கழற்றுவது. பிளாஸ்டிக் டாங்கிகளை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில், மூடியுள்ள கண்ணாடிச் சாடியில் ஓர் இரவு ஊறவைத்தேன். காலையில் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்ததும் அக்ரிலிக் பெயின்ட் தோல்போல் உரிந்து வந்தது. சக்கரங்களுக்கு இடையில் ஒட்டியிருந்ததை மரக்குச்சியால் கிண்டி எடுத்தேன். ரெசினை அவ்வளவு நேரம் ஊறவிட எனக்குத் துணிவில்லை. அரை மணி நேரம் ஊற, தேய்க்க, மறுபடி அரை மணி நேரம் என்று மூன்று சுற்று. ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டுக்கொண்டுதான் செய்தேன்.

உலோக டாங்கியில் இருந்தது எனாமல் பெயின்ட். ஆல்கஹாலுக்கு அது அசையவில்லை. உலோகம்தானே என்று அசிட்டோனில் போட்டுவிட்டு நாற்பது நிமிடம் கழித்து எடுத்தேன். பெயின்ட் முழுவதும் போயிருந்தது. கோபுரத்தின் மேல்மூடியும் போயிருந்தது. முந்தைய உரிமையாளர் தொலைந்த மூடிக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் தகட்டை வட்டமாக வெட்டி ஒட்டியிருக்கிறார். பச்சைப் பூச்சுக்கு அடியில் அது எனக்குத் தெரியவில்லை. அசிட்டோனில் அது பிசுபிசுத்த கூழாகி, தொட்டதும் விரலோடு வந்தது. பழைய டாங்கி எதையும் அசிட்டோனில் போடுமுன் ஒவ்வொரு உறுப்பையும் ஊசி முனையால் மெல்லக் கீறிப் பார்க்க வேண்டும். உலோகம் பளிச்சென்று மின்னும். இப்போது அது என் வழக்கமாகிவிட்டது. மூடியைச் சோதனை டாங்கியிலிருந்து எடுத்து வைத்தேன்.

அடுத்தது குழல்கள். டி-34இன் எஃப்-34 பீரங்கி 76.2 மி.மீ. விட்டம். நூறில் ஒன்றாக்கினால் 0.76 மி.மீ. துளை. முதலில் பித்தளைக் கம்பியை வெட்டி ஒட்டினேன். முனையில் துளை இல்லாததால் மொட்டையாக, ஆணி அடித்ததுபோல் தெரிந்தது. துளையிட முயன்று இரண்டு துளைப்பான் ஊசிகளை உடைத்ததுதான் மிச்சம். பிறகுதான் ஊசி மருந்து செலுத்தும் சிரிஞ்ச் ஊசி நினைவுக்கு வந்தது. 18 கேஜ் ஊசியின் வெளி விட்டம் 1.27 மி.மீ., உள் விட்டம் சுமார் 0.84. தேவைப்பட்ட துளைக்கும் இதற்கும் வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! பயன்படுத்தாத புதிய ஊசிகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அதை வெட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கட்டர் கொறடாவால் நறுக்கினால் குழாய் நசுங்கி வாய் மூடிக்கொள்ளும். முக்கோண அரத்தின் விளிம்பை வைத்து, ஊசியை மரப்பலகை மேல் உருட்டிக்கொண்டே சுற்றிலும் ஒரு காடி அறுத்தேன். காடி ஆழமானதும் மெல்ல வளைத்தால் ‘டக்’ என்று நேராக முறிகிறது. முனையை 600ஆம் எண் உப்புத்தாளில் வட்டமாகத் தேய்த்து, உள்ளே மெல்லிய குண்டூசியை விட்டுச் சிலும்பை எடுத்தேன். பீரங்கியின் அடிக்கவசத்தில் கைத்துளைப்பானால் 1.3 மி.மீ. துளையை 4 மி.மீ. ஆழத்துக்குப் போட்டு, இரண்டு கூறு எப்பாக்சிப் பசையால் பதித்தேன். உடனே பிடிக்கும் சூப்பர் குளூவை முதல் குழலுக்குப் பயன்படுத்தியிருந்தேன். அது கோணலாக நின்றுவிட்டது. எப்பாக்சி நமக்கு ஐந்து நிமிட அவகாசம் தருகிறது. மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்து நேராக்கிக்கொள்ள அது போதும். நான்கு குழல்தான் ஒடிந்திருந்தன. ஆனால் புதிய குழலின் வாயைப் பார்த்த பிறகு மற்ற ஆறும் மனதுக்கு ஒப்பவில்லை. பத்தையும் மாற்றினேன். ஆட்டத்தில் விரல் முதலில் படுவது குழலில்தான் என்பதால் இரும்புக் குழல் உறுதிக்கும் நல்லது.

கோபுரங்களை உடலோடு பிடித்துவைக்கக் காந்தம். 3 மி.மீ. விட்டம், 1 மி.மீ. கனமுள்ள நியோடிமியம் வில்லைகள், கோபுரத்துக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் எந்த முகம் மேலே என்று மார்க்கரால் புள்ளி வைத்துக்கொண்டே ஒட்டினேன். அப்படியும் ஏழாவது டாங்கியில் புள்ளி அழிந்துபோய்த் தலைகீழாக ஒட்டிவிட்டேன். கோபுரம் தன் இடத்தில் உட்கார மறுத்து எகிறிக் குதித்தது. அதைத் தோண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. எட்டாவதிலிருந்து உடலுக்குள் காந்தத்துக்குப் பதில் சிறு இரும்பு வட்டத்தை ஒட்டினேன். பிடிமானம் சற்றுக் குறைவு, ஆனால் திசைக் குழப்பமே கிடையாது. அடுத்த முறை எல்லாவற்றுக்கும் இரும்பு வட்டம்தான்.

அடிப்பூச்சான பிரைமரும் பச்சையும் சிக்கலின்றி முடிந்தன. காற்றால் பெயின்டைத் தூவும் 0.3 மி.மீ. முனை ஏர்பிரஷ், 15 பிஎஸ்ஐ அழுத்தம். சோவியத் ராணுவத்தின் 4பிஓ பச்சைக்கு ஆலிவ் பச்சை ஆறு சொட்டு, மஞ்சள் ஒரு சொட்டு, வெள்ளை ஒரு சொட்டு. வெள்ளை எதற்கென்றால், நிஜ டாங்கியின் அதே நிறத்தை இவ்வளவு சிறிய பொருளில் பூசினால் கறுத்துத் தெரியும். கூரை, மூடி, முன்கவசத்தின் மேல்பகுதி ஆகியவற்றுக்கு அதே கலவையில் இன்னும் ஒரு சொட்டு வெள்ளை சேர்த்து அடித்தேன்.

இனி வெள்ளை.

பனிக்காலத்தில் சோவியத் வீரர்கள் டாங்கிகளின் மேல் பூசியது தண்ணீரில் கழுவிவிடக்கூடிய மலிவான வெள்ளைப் பூச்சு. தூரிகை கிடைத்தால் தூரிகை, இல்லாவிட்டால் துடைப்பம். நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று யாரும் பூசவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் முதல் மூன்று டாங்கிகளுக்கு நான் என்ன செய்தேன் என்றால், வெள்ளைப் பெயின்டை எடுத்துத் தூரிகையால் பூசினேன். மூலைகளில் பச்சையை விட்டு, நடுவில் இரண்டு அடுக்கு. பிறகு பஞ்சுத் துண்டில் பச்சையைத் தொட்டு மேலே ஒற்றி, வெள்ளை உரிந்ததுபோல் காட்ட முயன்றேன். கிட்டத்தில் பார்க்கையில் நன்றாகவே இருந்தது. அன்று மாலை அண்ணன் வந்தார். மேசையின் அந்தப் பக்கம் நின்று சற்றுநேரம் பார்த்தார்.

“தம்பி, வெள்ளையின் மேல் பச்சைப் புள்ளி வைத்திருக்கிறாய். பச்சை மேலே இருக்கிறது” என்றார்.

அவர் சொன்ன பிறகு எனக்கும் அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. தேய்ந்த இடத்தில் பச்சை உள்ளே பள்ளமாக இருக்க வேண்டும், வெள்ளையின் ஓரம் அதைச் சுற்றி மேடாக இருக்க வேண்டும். முடியின் அளவுகூட இல்லாத மேடுதான், ஆனாலும் கண் அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. மூன்றையும் ஆல்கஹாலில் போட்டேன்.

அடுத்து ஹேர்ஸ்பிரே முறைக்கு வந்தேன். பச்சைக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஹேர்ஸ்பிரே ஒரு படலமாக நிற்கும். அது தண்ணீரில் கரையும். வெள்ளை அடித்த பிறகு மேலே ஈரத்தைத் தொட்டால் அடியில் அந்தப் படலம் இளகி, தேய்த்த இடத்தில் வெள்ளை கழன்று வரும். அதற்கு முன் பச்சையைப் பளபளப்பு வார்னிஷால் பாதுகாத்து, முழுதாக ஒரு நாள் காயவைத்தேன். ஹேர்ஸ்பிரேயை 25 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து மெல்லியதாக இரண்டு முறை அடித்தேன். அதன் மேல் ஏர்பிரஷில் வெள்ளை. அப்போது இரவாகிவிட்டதால், காலையில் தேய்க்கலாம் என்று படுத்துவிட்டேன்.

காலையில் வெள்ளை அசையவில்லை. ஈரத்தூரிகையால் பத்து நிமிடம் தேய்த்த பிறகு திடீரென்று ஒரு மூலையிலிருந்து தோலாக, ஒரே துண்டாகக் கழன்றது. கோபுரத்தின் இடப்பக்கம் முழுவதும் ஒரே இழுப்பில் போய்விட்டது. இரண்டு தவறுகள் சேர்ந்திருந்தன. ஒன்று, நான் எடுத்த அக்ரிலிக் காய்ந்ததும் ரப்பர்போல் இழுபடும் வகை; அது தூளாக உதிராது, ஏடாகத்தான் உரியும். இன்னொன்று, ஓர் இரவு முழுக்க அதை இறுக விட்டுவிட்டேன். தோலாக உரிந்த அந்தத் துண்டை எடுத்து அளந்து பார்த்தேன்: 9 மி.மீ. நீளம். நிஜத்தில் அது தொண்ணூறு சென்டிமீட்டர். எந்த வீரனின் பூட்ஸும் அப்படி ஒரு துண்டைப் பெயர்த்தெடுக்காது. அன்றிலிருந்து உரிவது எதுவும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். அதுவே பத்து சென்டிமீட்டர், ஒரு பூட்ஸின் அகலம்.

அவசரப்பட்டு டாங்கியில் கைவைக்காமல் மூன்று பிளாஸ்டிக் கரண்டிகளை எடுத்தேன். பச்சை, வார்னிஷ், ஹேர்ஸ்பிரே, வெள்ளை எல்லாம் ஒரே மாதிரி. வெள்ளைக்கு இம்முறை டமியா நிறுவனத்தின் எக்ஸ்எஃப்-2 என்ற அக்ரிலிக் வெள்ளை. அதன் தின்னருக்குப் பதில் வெறும் தண்ணீரில், ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்தேன். முதல் கரண்டியைப் பதினைந்து நிமிடத்திலும், இரண்டாவதை முப்பது நிமிடத்திலும், மூன்றாவதை ஒரு மணி நேரத்திலும் தேய்த்தேன். பதினைந்தில் கைபட்டதும் எல்லாம் வழிந்து வந்தது. ஒரு மணி நேரத்தில் அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. கீறல் விழுந்ததே தவிர தேய்வு வரவில்லை. முப்பதில் வெள்ளை தூள்தூளாக, கையின் அழுத்தத்துக்கு ஏற்ப, கேட்டபடி வந்தது. அந்தக் கரண்டியை இன்னும் எறியவில்லை, மேசையிலேயே இருக்கிறது. உங்கள் ஹேர்ஸ்பிரேயும் உங்கள் அறையின் ஈரப்பதமும் வேறாக இருக்கும், அதனால் என் முப்பது நிமிடத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் கரண்டியைத் தேய்த்துப் பாருங்கள்.

அதன்பின் சோதனை டாங்கி, அதன்பின் மூன்று மூன்றாகப் பிளாட்டூன்கள். ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் வெள்ளை அடிக்கவில்லை, ஏனென்றால் மூன்றையும் தேய்த்து முடிக்கும்போது நான்காவதன் நேரம் கடந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு நிமிடம் தேவைப்பட்டது. கருவி என்று பார்த்தால் ஒரு தட்டைத் தூரிகை, மயிரை 4 மி.மீ. உயரத்துக்கு வெட்டி விறைப்பாக்கியது. கூரான பல்குத்தும் குச்சி ஒன்று. வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கிண்ணம். தேய்க்கப்போகும் இடத்தை மட்டும் ஈரமாக்கி, இருபது எண்ணிய பிறகுதான் தூரிகையை வைப்பேன்.

எங்கே தேய்ப்பது என்று தீர்மானிக்க ஒரு மாலை முழுவதும் பழைய புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டி-34இல் நான்கு பேர். ஓட்டுநருக்கு முன்கவசத்தில் ஒரு மூடி. அவர் அதன் வழியே ஏறி இறங்குவார். எனவே அந்த மூடியின் விளிம்பும் அதற்குக் கீழே முன்கவசத்தின் சரிவும் முதலில் தேயும். கோபுர மூடிகளைச் சுற்றிக் கைகளும் முழங்கால்களும் படும். ஆனால் மிக அதிகமாகத் தேய்வது பின்பக்கம். காலாட்படை வீரர்கள் டாங்கியின் மேலேயே உட்கார்ந்து, கைப்பிடிக் கம்பிகளைப் பற்றிக்கொண்டு போருக்குப் போனார்கள். எஞ்சின் மூடியின் மேல் ஏழெட்டுப் பேர் உட்காருவதும் குதிப்பதும் மறுபடி ஏறுவதுமாக இருந்தால் அங்கே வெள்ளை எப்படி நிற்கும்? அதனால் எஞ்சின் பகுதியில் பாதிக்கு மேல் பச்சையை வெளியே கொண்டுவந்தேன். அதன் பக்கச் சரிவுகளில் பூட்ஸ் வழுக்கிய தடங்களாகக் குச்சியால் மேலிருந்து கீழாக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கோடுகள். கோபுரத்தின் பின்சுவரில், முதுகு சாய்ந்த உயரத்தில், ஒரு மங்கலான தேய்வு. குழலில் ஏறக்குறைய எதுவும் இல்லை. அதன் மேல் யாரும் உட்காருவதில்லை. இந்த வேலையைச் செய்யும்போது மனதுக்குள் அந்த எட்டுப் பேர் இருந்தார்கள். தூரிகை எங்கே போக வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள்.

மூன்றாவது தோல்வி, எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் வந்தது. முதல் பிளாட்டூன் நன்றாக வந்த மகிழ்ச்சியில், அதைப் பாதுகாக்க மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷைத் தூரிகையால் பூசினேன். அதுவும் நீர் கலந்த வார்னிஷ்தான். அடியில் இருந்த ஹேர்ஸ்பிரேக்கு அது வெறும் தண்ணீர் பட்டதுபோல்தான். தூரிகை போன வழியெல்லாம் வெள்ளை இழுபட்டுக் கலங்கியது. இரண்டு டாங்கிகளைக் கெடுத்த பிறகுதான் கையை நிறுத்தினேன். அவற்றின் வெள்ளையை முழுவதுமாகக் கழுவிவிட்டு மறுபடி செய்தேன். பச்சையின் மேல் வார்னிஷ் போட்டிருந்ததால் அது தப்பியது. முதல் வார்னிஷை ஏர்பிரஷில், மிக மெல்லியதாக, ஏறக்குறைய உலர்ந்த தூறலாகத்தான் அடிக்க வேண்டும். இரண்டு தூறல்களுக்குப் பிறகு ஹேர்ஸ்பிரே உள்ளே பூட்டப்பட்டுவிடும். அதன்பின் தூரிகையால் என்ன செய்தாலும் தாங்கும்.

பூட்டிய பிறகு மீதி வேலை வேகமாகப் போனது. கரும்பழுப்பு எண்ணெய்ப் பெயின்டை வெள்ளை ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்து, மூடிகளின் விளிம்பிலும் எஞ்சின் சட்டங்களின் இடுக்கிலும் மட்டும் நுனித் தூரிகையால் தொட்டுவைத்தேன். டாங்கி முழுவதும் பூசவில்லை. பூசினால் வெள்ளை செத்துச் சாம்பலாகிவிடும். சங்கிலிப் பட்டைகளுக்கு அடர்பழுப்பு, அதன் மேல் உலர்தூரிகையில் இரும்பு நிறம். சேறு நவம்பர் மாதத்துச் சேறு, ஈரமாக, கறுப்பாக. பிக்மென்ட் பொடியுடன் வார்னிஷைக் குழைத்துச் சக்கரங்களுக்கு நடுவில் அப்பினேன். முதல் டாங்கியில் அதிகமாக அப்பிவிட்டேன். அடுத்ததிலிருந்து சேறு சக்கர அச்சுக்கு மேலே ஏறவில்லை.

பிளாட்டூன் அடையாளம்தான் இந்த அளவில் பெரிய கேள்வி. ஆட்டத்தின்போது டாங்கிகளை ஒரு மீட்டர் தள்ளி நின்றுதான் பார்க்கிறோம். பத்தும் அழுக்கு வெள்ளையாக இருந்தால் எது எந்தப் பிளாட்டூன் என்று தெரியாது. வெள்ளையடித்த வீரர்கள் சில டாங்கிகளில் கோபுரத்தின் பழைய எண்ணைச் சுற்றித் தூரிகையைத் திருப்பிவிட்டார்கள். எண் ஒரு பச்சைக் கட்டத்துக்குள் தெரியும். இரண்டாம் பிளாட்டூனுக்கு அதைச் செய்தேன், வெள்ளை அடிக்குமுன் 4 மி.மீ. அகலத்தில் மறைப்பு நாடா ஒட்டி. முதல் பிளாட்டூனுக்கு வெள்ளையின் மேல் சிவப்பு எண்கள். மூன்றாம் பிளாட்டூனுக்கு எண்ணே வேண்டாம் என்று, உடலை மட்டும் வெள்ளையாக்கிக் கோபுரத்தைப் பாதி பச்சையாகவே விட்டேன். இந்த மூன்றும் மேசையின் எந்த மூலையிலிருந்தும் தெரிகின்றன. அண்ணன்கூட, “இப்போது உன் பிளாட்டூனை நான் குழப்பிக்கொண்டேன் என்று சொல்ல முடியாது” என்றார்.

கடைசி மேட் வார்னிஷ் ஒரு மழை நாளில் டப்பாவிலிருந்து அடித்ததால் நான்கு டாங்கிகளின் மேல் மூடுபனிபோல் வெண்படலம் விழுந்தது. வெள்ளை டாங்கி என்பதால் முதலில் கவனிக்கவில்லை. பச்சை எல்லாம் பால் கலந்ததுபோல் ஆன பிறகுதான் தெரிந்தது. நெஞ்சு படபடத்தது. பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் மெல்லியதாகப் பூசியதும் படலம் மறைந்து நிறம் திரும்பியது. ஒரு நாள் விட்டு, வெயிலடித்த மதியத்தில் மறுபடி மேட் அடித்தேன். ஈரக்காற்று உள்ள நாளில் டப்பா வார்னிஷைத் தொடவே கூடாது.

கணக்கு. மொத்தச் செலவை நூறு பங்காக வைத்தால் டாங்கிகளுக்கு 40, பெயின்ட்டும் வார்னிஷும் 25, ஆல்கஹால் 15, காந்தமும் இரும்பு வட்டமும் 10, ஊசியும் உடைந்த துளைப்பான்களும் 7, ஹேர்ஸ்பிரே 3. நேரம்: கழற்றியது ஐந்து மணி, குழலும் காந்தமும் ஏழு, பச்சை மூன்று, வீணாய்ப்போன வெள்ளைகள் ஒன்பது, உருப்பட்ட வெள்ளை ஆறு, சேறும் எண்ணும் நுணுக்கங்களும் எட்டு, வார்னிஷ் இரண்டு. ஆக நாற்பது மணி நேரம். அந்த ஒன்பது மணியில் ஏழையாவது கரண்டிகள் மிச்சப்படுத்தியிருக்கும், முதல் நாளே எடுத்திருந்தால்.

அடுத்தது டி-70 இலகு டாங்கிகள், ஐந்து. அவற்றுக்கு மூன்று விஷயங்களை மாற்றிச் செய்வதாக இருக்கிறேன். குழல்களை உடனே ஒட்டாமல், பெயின்ட் வேலை முடிந்த பிறகு ஒட்டப்போகிறேன். இந்த முறை வெள்ளை தேய்க்கும்போது இரண்டு குழல்கள் என் உள்ளங்கையில் குத்தியே கோணலாகின. பச்சையின் மேல் போடும் வார்னிஷுக்கு ஒன்றரை நாள் கொடுப்பேன். ஆறாவது டாங்கியின் முன்கவசத்தில் பச்சையும் சேர்ந்து தேய்ந்து பிரைமர் தெரிந்தது ஒரு நாள் போதாததால்தான். வெள்ளையில் ஒரு துளி மஞ்சள்பழுப்பு கலப்பேன். தூய வெள்ளை மேசைப் பனிக்கு எதிரில் நீலமாகத் தெரிகிறது.

கம்பெனித் தலைவரின் டாங்கியில் ஒரு வேலை மீதமிருந்தது, அதை நேற்று இரவு கடைசியாகச் செய்தேன். நவம்பர் 22ஆம் தேதி விடியுமுன், டான் நதியின் மேல் கலாச்சுக்கு அருகே இருந்த பாலத்தை, 26ஆவது டாங்கிப் படையின் ஒரு சிறு பிரிவு முகப்பு விளக்குகளை எரியவிட்டபடியே நெருங்கிப் பிடித்தது. காவலுக்கு நின்றவர்கள் தங்கள் வண்டிகள்தான் வருகின்றன என்று நினைத்துவிட்டார்கள். எங்கள் முதல் ஆட்டமே அந்தப் பாலம்தான். உலோக டாங்கியின் முகப்பு விளக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மிக நுண்ணிய தூரிகையால் முதலில் கறுப்பு, அதன் நடுவில் வெள்ளி, அது காய்ந்ததும் வெளிர்மஞ்சள் ஒரு துளி, கடைசியாக மேலே பளபளப்பு வார்னிஷ் ஒரு சொட்டு. விளக்குக்குப் பின்னால், வெள்ளை தேய்ந்த கவசத்தின் ஓரத்தில், அதே மஞ்சளை நீர்க்கக் கரைத்து ஒரு கோடு மட்டும் இழுத்தேன். அறையின் விளக்கை அணைத்து மேசை விளக்கை மட்டும் வைத்துப் பார்த்தபோது, ஒன்பது டாங்கிகள் இருட்டில் இருந்தன, அது ஒன்று மட்டும் எரிந்துகொண்டு முன்னால் நின்றது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். பாலத்தை அவர் செய்துகொண்டிருக்கிறார்.